காக்கும் சிறகுகள் – 14: கடலடியில் ஒரு துடிப்பு

கன்னியாகுமரியிலிருந்து அஞ்சுகிராமம் போகிற வழியில் ஆறேழு கிலோமீட்டர் வந்து கடல் பக்கம் திரும்பினால் வட்டக்கோட்டை. உள்ளே புல்தரை, சுற்றிலும் கருங்கல் மதில். பீரங்கிகளை மேலே இழுத்துச் செல்வதற்காகப் போட்ட சாய்தளத்தில் ஏறினால் கொத்தளம் வந்துவிடும். அங்கே முதலில் ஆளைப் பிடித்துத் தள்ளுவது காற்று. அதற்குப் பிறகுதான் அலைச் சத்தம் காதில் விழும். பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிச் சிகரங்கள், முன்னால் கண்ணுக்கு எட்டிய மட்டும் கடல்.

இந்தக் கோட்டையைக் கட்டியவர் கடல் வழியாக எதிரியாக வந்தவர். 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சலில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். அப்போது பிடிபட்ட டிலனாய் என்ற அதிகாரி பிறகு மன்னரிடமே வேலைக்குச் சேர்ந்தார். படைக்குப் பயிற்சி கொடுத்தார், கோட்டைகளைப் பலப்படுத்தினார், ‘வலிய கப்பித்தான்’ என்று பெயர் வாங்கினார். 1777-ல் இறந்தவரின் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இன்றும் இருக்கிறது. கடலிலிருந்து வருகிற ஆபத்து எப்படிப்பட்டது என்பது அவருக்குச் சொந்த அனுபவம். அதனால்தான் பழைய கோட்டை இருந்த இடத்தில், கடலுக்குள் மூக்கை நீட்டினாற்போல இந்தக் கருங்கல் மதிலை எழுப்பினார். பாரா நிற்பவன் கப்பலைத் தூரத்திலேயே பார்த்துவிட வேண்டும், பார்த்ததும் கீழே சொல்லிவிட வேண்டும். கல்லில் கட்டிய எச்சரிக்கைக் கருவி என்றே இதைச் சொல்லலாம்.

ஆனால் அந்தக் கருவிக்கு ஓர் எல்லை உண்டு. கடல் மட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு அடிவானம் சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் உலகம் வளைந்து இறங்கிவிடும். அங்கே ஒரு கப்பல் மூழ்கினாலும் மதிலில் நிற்பவனுக்குத் தெரியாது.

சென்ற இதழில், விமானம் கைவிட்டுப் போகிற நொடியில் விமானியை வெளியே தூக்கி எறிந்து காப்பாற்றும் இருக்கையின் கதையைப் பார்த்தோம். போர் விமான விபத்துகளை ஆராய 1997-ல் அப்துல் கலாம் தலைமையில் குழு அமைக்கப்பட்டதையும் அதற்கு முந்தைய இதழ்களில் சொல்லியிருந்தோம். விபத்தைத் தடுப்பதும், விபத்தில் உயிரைக் காப்பதும் பாதுகாப்பின் இரண்டு பகுதிகள். மூன்றாவது ஒன்றும் உண்டு. விழுந்த விமானம் தான் எங்கே கிடக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் உயிரோடு இருப்பவரை எட்ட முடியும், ஏன் விழுந்தது என்று கண்டுபிடிக்க முடியும், அதே காரணத்தால் அடுத்த விமானம் விழாமல் பார்த்துக்கொள்ள முடியும். நம் இராணுவ விமானங்களில் நெடுங்காலம் கவனிக்கப்படாமல் கிடந்தது இந்த மூன்றாவது பகுதிதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை

2016 ஜூலை 22. தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து காலை 8.30 மணி அளவில் ஏ.என்-32 ரக விமானம் ஒன்று போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. எண் கே-2743. கோயம்புத்தூர் சூலூரைத் தளமாகக் கொண்ட 33-வது ஸ்குவாட்ரனைச் சேர்ந்தது. அந்தமானில் பணிபுரியும் படையினரையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும் வழக்கமான ‘கூரியர்’ பயணம் அது. விமானக் குழுவினர் 6 பேர், பயணிகள் 23 பேர், ஆக 29 பேர். பயணிகளில் 8 பேர் பாதுகாப்புத் துறையின் சிவில் ஊழியர்கள். பதினொன்றே முக்கால் மணிக்குப் போர்ட் பிளேரில் இறங்கியிருக்க வேண்டும்.

புறப்பட்டு முக்கால் மணி நேரத்துக்குள், சென்னைக்குக் கிழக்கே 151 கடல் மைல் தொலைவில், அதாவது ஏறத்தாழ 280 கிலோமீட்டரில், விமானம் ரேடாரிலிருந்து மறைந்தது. கடைசியாகப் பதிவான காட்சி இதுதான்: 23,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்த விமானம் இடப்பக்கம் திரும்புகிறது, வேகமாக உயரம் இழக்கிறது. அதற்குப் பிறகு திரையில் எதுவும் இல்லை. விமானியிடமிருந்து அபாய அழைப்பும் வரவில்லை.

திரையில் எதுவும் இல்லாமல் போனதற்குக் காரணம் வட்டக்கோட்டைப் பாராக்காரனுக்குத் தெரிந்த அதே காரணம். ரேடாரின் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. 280 கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும் விமானம் 7 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் வரை கரையிலுள்ள ரேடாருக்குத் தெரியும். சுமார் 4 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் உலகின் வளைவு அதை மறைத்துவிடும். விழுகிற விமானத்தின் கடைசிப் பாதி, கரையிலிருந்து யாராலும் பார்க்க முடியாத பாதி. அங்கே விமானம்தான் தன்னைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

இரண்டு குரல்கள்

விழுந்த விமானத்துக்கு இரண்டு குரல்களைப் பொறியாளர்கள் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று ரேடியோ. மோதலின் அதிர்ச்சியில் தானாக முடுக்கிக்கொண்டு, 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக்கோளை நோக்கிக் கூப்பிடும் ‘எமர்ஜென்சி லொக்கேட்டர் டிரான்ஸ்மிட்டர்’. காட்டிலோ மலையிலோ விழுந்தால் இது போதும்.

கடலில் விழுந்தால் போதாது. உப்புத் தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். 406 மெகாஹெர்ட்ஸ் அலை ஓரிரு அடி ஆழத்துக்குள்ளேயே அடங்கிப்போகும். இந்தச் சங்கடம் நாஞ்சில் நாட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய அமைப்பாக நிற்கிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம், நீருக்குள் இருக்கும் நீர்மூழ்கிகளோடு பேசுவதற்காகவே உருவானது. மிகத் தாழ்ந்த அலைவரிசை மட்டும்தான் கடல்நீரைச் சில மீட்டராவது துளைக்கும், அதை அனுப்ப வானுயர்ந்த கோபுரங்கள் வேண்டும். நீருக்கு மேலேயிருந்து உள்ளே சொல் அனுப்பவே இத்தனை பாடு என்றால், உடைந்து மூழ்கிய விமானத்தின் சின்ன டிரான்ஸ்மிட்டர் ஆழ்கடலிலிருந்து வெளியே கூப்பிடுவது நடக்காத காரியம்.

அங்கே எடுபடுவது ஒலி. கடல்நீரில் ஒலி நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் போகும். இரண்டாவது குரல் இந்த உண்மையை நம்பி உருவானது. ‘பிங்கர்’ என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் நீரடி பீக்கன், சின்ன டார்ச் லைட் அளவுள்ள ஓர் உலோக உருளை. எடை கால் கிலோகூட வராது. அதன் முனையில் இருக்கும் இரண்டு தொடுமுனைகளைத் தண்ணீர் இணைத்ததும் உயிர் பெறும். நொடிக்கு ஒரு தடவை, மனிதக் காதுக்கு எட்டாத 37.5 கிலோஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு. 6,000 மீட்டர் ஆழத்திலும் நசுங்காமல், பேட்டரி தீரும் வரை துடித்துக்கொண்டே இருக்கும்.

தாம்பரத்திலிருந்து கிளம்பிய கே-2743-ல் ரேடியோ டிரான்ஸ்மிட்டர்கள் இரண்டு இருந்தன. பிங்கர் இல்லை.

அப்பாவைக் கடலில் இழந்த பையன்

1934 அக்டோபர் 19 அன்று, ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் நடுவே உள்ள பாஸ் நீரிணையின் மேல் ‘மிஸ் ஹோபார்ட்’ என்ற பயணிகள் விமானம் 12 பேருடன் மறைந்தது. அதில் போன ஒருவரின் மகனுக்கு அப்போது 9 வயது. பெயர் டேவிட் வாரன். அப்பா கடைசியாகக் கொடுத்த பரிசு ஒரு கிரிஸ்டல் ரேடியோ செட்.

அந்தப் பையன் வளர்ந்து மெல்போர்ன் விமான ஆராய்ச்சிக் கூடத்தில் விஞ்ஞானியானார். உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட் அடுத்தடுத்து விழுந்துகொண்டிருந்த காலம் அது. 1953 மே 2 அன்று கல்கத்தாவிலிருந்து கிளம்பிய காமெட் சற்று நேரத்திலேயே வானில் உடைந்து 43 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு இரண்டு காமெட்டுகள் மத்தியதரைக் கடலில் விழுந்தன. காரணம் தெரியாமல் ஆளுக்கொரு ஊகம் சொன்னார்கள். விமானிகள் கடைசியாகப் பேசியதும் கருவிகள் கடைசியாகக் காட்டியதும் எங்காவது பத்திரமாகப் பதிவாகியிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று வாரன் யோசித்தார். 1954-ல் அதை ஒரு குறிப்பாக எழுதிக் கொடுத்தார், சில ஆண்டுகளில் மாதிரியும் செய்து காட்டினார். முதலில் சொந்த நாட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் அதிகாரி பார்த்து வியந்த பிறகுதான் கருவி வெளியுலகத்துக்குப் போனது. இன்று நாம் கருப்புப் பெட்டி என்று சொல்வது அதன் வழிவந்ததே. தேடுகிறவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக அதற்கு ஆரஞ்சு வண்ணம் பூசுகிறார்கள். கடலில் விழுந்தால் வண்ணம் உதவாது என்பதால் பிங்கரை அதன்மேலேயே பொருத்துகிறார்கள்.

கனடாவில் இன்னொருவர் வேறு வழியில் யோசித்தார். ஹாரி ஸ்டீவின்சன் என்ற அந்தப் பொறியாளர் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்தவர். காட்டுக்குள்ளும் பனிக்குள்ளும் விழுந்து காணாமல் போன விமானங்களைத் தேடித் தேடி அந்த நாடு சலித்திருந்தது. விமானத்தோடு சேர்ந்து டிரான்ஸ்மிட்டரும் நொறுங்குவதுதான் சிக்கல் என்பதைப் பிடித்துக்கொண்டார் அவர். மோதும் நொடியில் வில்விசையால் விடுபட்டு, காற்றில் கரணமடித்தபடி தள்ளிப் போய் விழுந்து, அங்கிருந்து குரல் கொடுக்கிற சிறகு வடிவப் பெட்டி ஒன்றை 1950-களில் உருவாக்கினார். அதை முதலில் பயன்படுத்தியவர்களில் கனடாவின் விமானப்படையும் உண்டு. பிரிந்து போய் நீரில் மிதக்கும் பதிவுப் பெட்டிகள் பிற்காலத்தில் அமெரிக்காவின் எஃப்-18 போர் விமானங்கள் வரை வந்தன. இராணுவ விமானத்தில் இதெல்லாம் முடியாது என்று யாரும் சொல்ல வழியில்லாதபடி, 60 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விமானப்படை செய்து காட்டிவிட்டது.

வானத்தில் ஒரு காது வேண்டும் என்ற எண்ணம் அடுத்து வந்தது. 1972 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஹேல் பாக்ஸ், நிக் பெகிச் இருவரும் சென்ற சிறு விமானம் அலாஸ்காவில் மறைந்தது. 39 நாள் தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. அபாய டிரான்ஸ்மிட்டர் எல்லா விமானத்திலும் வேண்டும் என்ற குரல் அதற்குப் பின் வலுத்தது. ஆனால் அந்தக் குரலைக் கேட்க அந்த நேரத்தில் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டுமே. பனிப்போரின் நடுவிலும் சோவியத் யூனியன், அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் நான்கும் இதற்காகக் கைகோர்த்தன. 1982 ஜூன் 30 அன்று இத்திட்டத்தின் முதல் செயற்கைக்கோளை சோவியத் யூனியன் ஏவியது. மூன்று மாதம் முடிவதற்குள், செப்டம்பர் 10 அன்று, கனடாவின் மலைப்பகுதியில் விழுந்த சிறு விமானத்திலிருந்து 3 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். கோஸ்பாஸ்-சார்சாட் என்ற அந்த வலையமைப்பில் இந்தியாவும் சேர்ந்தது. நம் பகுதிக்கான கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில் இஸ்ரோவின் பொறுப்பில் இயங்குகிறது.

ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு

இத்தனை கருவிகளும் கைக்கெட்டிய பிறகும் இராணுவ விமானங்கள் ஏன் பின்தங்கின? விடையின் ஒரு பகுதி 1944-ல் இருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவு, அது சிவில் விமானங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்கிறது. இராணுவம், சுங்கம், காவல் பணிகளுக்கான விமானங்கள் ‘அரசு விமானங்கள்’. அவற்றை ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது. நாடுகளின் இறையாண்மையைக் காக்க எழுதப்பட்ட பிரிவு அது, அதற்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் அதன் விளைவு, மதுரைக்கும் சென்னைக்கும் பறக்கிற பயணிகள் விமானத்துக்குச் சர்வதேச அமைப்பு ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் விதியை இறுக்கிக்கொண்டே போனது. படைவீரரை ஏற்றிக்கொண்டு வங்கக்கடலைக் கடக்கிற விமானத்தில் என்ன பொருத்துவது என்பது அந்தந்த நாட்டின் முடிவாகவே நின்றது.

ஏ.என்-32 நல்ல உழைப்பாளி. கீவ் நகரின் அன்டோனோவ் நிறுவனம், வெக்கையிலும் மலை உயரத்திலும் ஓடுவதற்கென்றே எஞ்சினை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்து வடிவமைத்தது. 1984-ல் நம் விமானப்படைக்கு வந்தது முதல் லடாக்கிலும் வடகிழக்கு மலைகளிலும் அந்தமானிலும் அரிசி, மருந்து, ஆள் என்று சுமக்காத சுமை இல்லை. வந்த புதிதிலேயே ஓர் எச்சரிக்கையும் வந்தது. 1986 மார்ச் 25 அன்று, சோவியத் யூனியனிலிருந்து புத்தம்புதிதாக எடுத்துவரப்பட்ட ஏ.என்-32 ஒன்று மஸ்கட்டிலிருந்து ஜாம்நகருக்கு வரும் வழியில் அரபிக்கடலின் மேல் 7 பேருடன் மறைந்தது. ஒரு தடயமும் கிடைக்கவில்லை. கடலைக் கடக்கிற விமானத்துக்குக் கடலடிக் குரல் வேண்டும் என்ற பாடத்தை அன்றே எடுத்துக்கொண்டிருக்கலாம். 30 ஆண்டுகள் கழித்து, மறுபக்கக் கடலில் அதே ரக விமானம் அதே மாதிரி மறைந்தது.

33 நாள்

பாடம் தமிழ்நாட்டுக் கரையிலேயே இன்னொரு முறை, இன்னும் தெளிவாகக் கிடைத்தது. 2015 ஜூன் 8 மாலை, சென்னையிலிருந்து ரோந்துக்குக் கிளம்பிய கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம், சி.ஜி-791, இரவு காரைக்கால் கடற்பகுதியில் தொடர்பு இழந்தது. உள்ளே 3 பேர். கப்பல்களும் விமானங்களும் நாள்கணக்கில் தேடின. மேலே எதுவும் மிதக்கவில்லை.

ஆனால் அந்த டோர்னியரில் பிங்கர் இருந்தது. கடற்படையின் நீர்மூழ்கி ஐ.என்.எஸ். சிந்துத்வஜ் கடலுக்குள் இறங்கிக் காதுகொடுத்தது. விட்டுவிட்டு வந்த துடிப்பைப் பிடித்து, தேட வேண்டிய பரப்பைச் சுருக்கிக் கொடுத்தது. ரிலையன்ஸ் நிறுவனம் கொடுத்து உதவிய ‘ஒலிம்பிக் கேன்யன்’ என்ற கப்பல் தன் ஆழ்கடல் இயந்திரத்தை இறக்கி, கடலூருக்குத் தென்கிழக்கே கிட்டத்தட்ட 1,000 மீட்டர் ஆழத்தில் உடைசலைக் கண்டது. ஜூலை இரண்டாவது வாரத்தில் விமானத்தின் பதிவுப் பெட்டி மேலே வந்தது. காணாமல் போய் 33 நாள் ஆகியிருந்தது. அந்தக் காலத்துப் பிங்கரின் பேட்டரி 30 நாள் கணக்குக்குச் செய்யப்பட்டது.

டோர்னியரும் அரசு விமானம்தான். சிகாகோ ஒப்பந்தம் அதையும் கட்டாயப்படுத்தவில்லை. யாரோ ஒருவர் யோசித்து, எழுதி, வாங்கிப் பொருத்தியிருந்தார். அதனால் மூன்று வீட்டாருக்கும் ஒரே மாதத்தில் பதில் கிடைத்தது.

அடுத்த ஆண்டு கே-2743 மறைந்தபோது தேடியவர்களின் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. கடற்படைக் கப்பல்கள், நீர்மூழ்கி, கடலோரக் காவல்படைக் கப்பல்கள், விமானங்கள் எல்லாம் போயின. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் சாகர் நிதி, இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் சமுத்திர ரத்னாகர் ஆகிய ஆய்வுக் கப்பல்கள் கடலடியை சோனார் கொண்டு துழாவின. அங்கே ஆழம் சுமார் 3,500 மீட்டர், டோர்னியர் கிடந்ததைப்போல மூன்றரை மடங்கு. அடியில் எதுவும் துடிக்காததால் காதுகொடுத்துக் கேட்கவும் ஒன்றுமில்லை. இருட்டில், மலையும் பள்ளமுமான தரையில், சாணளவு சாணளவாகத் தடவிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. செப்டம்பர் நடுவில் 29 பேரும் இறந்ததாகக் கருதப்படுகிறது என்று குடும்பங்களுக்குக் கடிதம் போனது.

‘கருதப்படுகிறது’ என்ற சொல்லோடு ஒரு வீடு எப்படி வாழும் என்பதைக் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் இருப்பவர்கள் அறிவார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களின் விசைப்படகுகள் ஆழ்கடலில் இருந்தன. படகின் வி.எச்.எஃப். ரேடியோ சில பத்துக் கிலோமீட்டர்தான் பேசும், எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. கடற்படையும் கடலோரக் காவல்படையும் விமானப்படையும் தேடின. பலர் வந்தார்கள், பலர் வரவேயில்லை. காணாமல் போனவர் இறந்தவர் என்று சட்டம் ஏற்க 7 ஆண்டு ஆகும். அந்த விதியைத் தளர்த்தித்தான் மீனவக் குடும்பங்களுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருந்தது. சான்றிதழைக் கையில் வாங்கிய பிறகும், கடல் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்திருந்த வீடுகள் உண்டு.

30 நாள், 90 நாள்

சிவில் உலகம் தன் பாடத்தை வேறொரு கடலில் படித்தது. 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். பிங்கரின் ஒலி கிடைக்காமலே 30 நாளும் கடந்தன. 2011 ஏப்ரலில், ஆளில்லாமல் தானே நீந்திப் படம் எடுக்கும் நீரடி இயந்திரங்கள் ஏறத்தாழ 3,900 மீட்டர் ஆழத்தில் உடைசலைக் கண்டன. அடுத்த மாதம் பதிவுப் பெட்டிகள் மேலே வந்தன. இரண்டு ஆண்டு உப்புநீரில் கிடந்த பிறகும் அவை பேசின. வேகம் காட்டும் குழாய்கள் பனியால் அடைபட்டதும், குழம்பிய விமானிகள் விமானத்தின் மூக்கைத் தூக்கிக்கொண்டே போனதும் அப்போதுதான் தெரிந்தன. உயரத்தில் விமானம் தூக்குவிசையை இழந்தால் மீட்பது எப்படி என்று உலகெங்கும் விமானிகளுக்கான பயிற்சி மாறியது. பெட்டி கிடைக்காமல் போயிருந்தால் இந்த மாற்றம் வந்திருக்காது.

2014 மார்ச்சில் மலேசியாவின் எம்.எச்-370 மறைந்தபோது, அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியைத் தளமாகக் கொண்ட பி-8ஐ விமானமும் அந்தமான் கடலில் தேடப் போனது. இந்த இரண்டு இழப்புகளுக்கும் பிறகு சர்வதேச விதி மாறியது. பிங்கர் 90 நாள் துடிக்க வேண்டும் என்றானது. பெரிய விமானங்களின் உடற்கூட்டிலேயே, இன்னும் தூரம் கேட்கும் 8.8 கிலோஹெர்ட்ஸ் பீக்கன் ஒன்று தனியாக வேண்டும் என்றும் ஆனது.

ரேடியோக் குரலிலும் ஒரு மாற்றம் நடந்திருந்தது. பழைய டிரான்ஸ்மிட்டர்கள் பேசிய 121.5 மெகாஹெர்ட்ஸில் பொய்யான அழைப்புகள் மிகுந்ததால், 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அதைக் கேட்பதை நிறுத்திக்கொண்டன. 406-ல் பேசும் கருவி தன் அடையாள எண்ணையும் சேர்த்து அனுப்பும், எந்த விமானம் என்று உடனே தெரிந்துவிடும். 2019 ஜூன் 3 அன்று அசாமின் ஜோர்ஹாட்டிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் மெச்சுகாவுக்கு 13 பேருடன் போன ஏ.என்-32 மலைக்காட்டில் விழுந்தது. அதிலிருந்தது பழைய தலைமுறை ‘சார்பே’ ரக டிரான்ஸ்மிட்டர் என்று அப்போது செய்திகள் வெளியாயின. செயற்கைக்கோள்கள், ஹெலிகாப்டர்கள், மலை ஏறும் வீரர்கள், உள்ளூர் வேட்டைக்காரர்கள் என எல்லாரும் தேடினார்கள். ஜூன் 11 அன்று, சுமார் 12,000 அடி உயரச் சரிவில், ஒரு மி-17 ஹெலிகாப்டர் உடைசலைப் பார்த்தது. எட்டு நாள் ஆகியிருந்தது. யாரும் பிழைத்திருக்கவில்லை.

ஏ.என்-32 விமானங்களைப் புதுப்பிக்கும் ஒப்பந்தம் உக்ரைனோடு 2009-லேயே கையெழுத்தானது. நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள், சில உக்ரைனிலும் மற்றவை கான்பூர் பழுதுபார்ப்பு மையத்திலும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது திட்டம். 2014-ல் கிரிமியா பிரச்சினை வெடித்ததும் உதிரிபாகங்கள் தடைப்பட்டு வேலை இழுத்தது. கே-2743 புதிய டிரான்ஸ்மிட்டர்களைப் பெற்றிருந்தும் கடலடிக் குரல் இல்லாமல் கிடந்தது. மெச்சுகா போன விமானம் புதுப்பிக்கும் வரிசையில் இன்னும் காத்திருந்தது. ஒரு பாதுகாப்புக் கருவி உலகத்தில் எங்கோ கண்டுபிடிக்கப்பட்ட நாளுக்கும், அது நம் விமானத்தில் திருகாணி போட்டு முடுக்கப்பட்ட நாளுக்கும் இடையே போகிற காலம் உயிர்க் கணக்கில் வருகிறது. அந்த இடைவெளியைக் குறைப்பது ஏதோ ஓர் அலுவலகத்தில் இருக்கிற கோப்பின் வேகத்தைப் பொறுத்தது.

பள்ளிக்கரணையிலிருந்து வந்த படங்கள்

கே-2743-ன் கதையில் கடைசி அத்தியாயத்தை எழுதியவர்கள் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தார். ஆழ்கடல் கனிமங்களைத் தேடுவதற்காக, 6,000 மீட்டர் வரை இறங்கி ஆளில்லாமல் தானே இயங்கும் நீரடி வாகனம் ஒன்றை அவர்கள் வாங்கியிருந்தார்கள். விமானம் கடைசியாகத் தெரிந்த பகுதிக்கு அதை அனுப்பினார்கள். பல கற்றை சோனார், நுணுக்கமாகப் படம் வரையும் சோனார், கேமரா மூன்றும் 3,400 மீட்டர் ஆழத்தில் தரையைப் படித்தன.

சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில் உடைசல்கள் தெரிந்தன. படங்களை ஆராய்ந்ததில் அவை ஏ.என்-32-க்குப் பொருந்தின. அந்தப் பகுதியில் வேறெந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவில்லை. 2024 ஜனவரி 12 அன்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. ஏழரை ஆண்டு ஆகியிருந்தது. அப்பாவை வழியனுப்பியபோது ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை, எட்டாம் வகுப்புக்கு வந்திருக்கும் காலம்.

எங்கே என்ற கேள்விக்கு அந்தப் படங்கள் பதில் சொல்லின. அந்தக் காலையில் விமானம் ஏன் இடப்பக்கம் திரும்பியது, ஏன் அப்படி இறங்கியது என்பதைக் கடலடிப் புகைப்படத்தால் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியது சூட்டோடு சூடாக எடுக்கப்படும் பதிவுப் பெட்டி.

இன்று குமரிக் கரையில் ஆழ்கடலுக்குப் போகிற படகுகளுக்கு இஸ்ரோ வடிவமைத்த அபாய டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூருக்குச் செய்தி போகும். இதன் இரண்டாம் தலைமுறைக் கருவியில், ‘செய்தி கிடைத்தது, உதவி வருகிறது’ என்ற பதிலும் படகுக்கே திரும்பி வரும். கே-2743 பற்றிய அறிவிப்பு வந்த அதே 2024 ஜனவரியில்தான் அந்தக் கருவியும் அறிமுகமானது. வட்டக்கோட்டை மதிலில் மாலைநேரம் நின்றால் கடலுக்குள் போகிற படகுகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக அடிவானத்தில் இறங்கி மறைவதைப் பார்க்கலாம். பதினொன்றாவது கிலோமீட்டருக்கு அப்பால் போன ஒரு படகுக்காரருக்கு, தான் கூப்பிட்டதை யாரோ கேட்டார்கள் என்று இப்போது தெரிந்துகொள்ள முடிகிறது.

அடுத்த இதழில் கடலை விட்டு மலைக்குப் போகிறோம். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பி, குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்த மி-17 வி5 ஹெலிகாப்டரில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேர் இருந்தார்கள். அதன் பதிவுப் பெட்டி மறுநாளே கிடைத்துவிட்டது. நல்ல நிலையில் பறந்துகொண்டிருந்த ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து மலையில் மோதியது எப்படி என்பதையும், முன்னால் மலை இருக்கிறது என்று விமானிக்குச் சொல்லும் கருவி எப்படிப் பிறந்தது என்பதையும் அங்கே பார்ப்போம்.

(தொடரும்)